கடுவன் பூனைக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணி 24 நாள் ஆச்சு, இன்னும் ஏறுறான்! ஒழுங்கா எடுத்தாங்களா இல்லையா?

கல்மண்டபம்_மாடி | பிப்ரவரி 13, ராத்திரி 10:42

எல்லாருக்கும் வணக்கம், இத்தன நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இப்ப தான் முதல் தடவ எழுதுறேன். எங்க வீடு ராயபுரம் கல்மண்டபம் பக்கம், மாடி போர்ஷன். ஒரு செவலைக் கடுவன் இருக்கான், பேரு மணி, மூணு மூணரை வயசு இருக்கும். காசிமேட்ல சங்கரா மீன் வாங்கிட்டு வரும்போது பை பின்னாடியே வந்து ஒட்டிக்கிட்டவன். இவன் பண்ணாத அட்டகாசம் இல்ல, கேஸ் சிலிண்டர் மேல மூத்திரம் பீச்சுவான், அம்மா பீரோ மேல பீச்சுவான், என் வண்டி சீட்டுல உக்காந்தா ஆபீஸ்ல பக்கத்துல ஆள் வர மாட்டாங்க. வாரத்துக்கு ஒரு சண்டை, காது கிழிஞ்சு, கன்னத்துல சீழ் வச்சு வருவான். சரின்னு ஜனவரி 20ஆம் தேதி ஒரு கிளினிக்ல ஆபரேஷன் பண்ணிட்டோம்.

இப்ப பிரச்சனை என்னன்னா 24 நாள் ஆச்சு, பீச்சுறது நல்லா குறைஞ்சிருக்கு, ஆனா கீழ் வீட்டு அக்காவோட சாம்பல் வரி பொட்டைய பாத்தா இன்னும் பிடரிய கடிச்சு மேல ஏறுறான், அது பளார்னு அறையுது, திரும்ப போறான். அது இல்லன்னா என் தலகாணி. அம்மா காசெல்லாம் தண்டம்ங்குறாங்க. கீழ் வீட்டு அக்கா "உன் பூனைய நீ அடக்கறியா இல்ல நான் சொம்பு தண்ணி ஊத்தட்டுமா"ன்னு தினம் படிக்கட்டுல நிக்குறாங்க. பின்னாடி பை மாதிரி கொஞ்சூண்டு இன்னும் தெரியுது. உள்ள எதையாவது விட்டுட்டாங்களோ?

காசிமேடு_ஐஸ்பொட்டி | பிப்ரவரி 13, ராத்திரி 11:05

இன்னா நைனா, மூணு வருசம் ஏரியாவுல ராஜா மாதிரி சுத்துனவன் ஒரே நாள்ல சாமியாரா பூடுவானா. கொஞ்சம் டைம் குடு பா அவனுக்கு.

பழைய_கம்பவுண்டர் | பிப்ரவரி 14, காலை 6:20

தம்பி, பயப்படாதீங்க. நான் டாக்டர் இல்ல, பெரம்பூர்ல ஒரு மிருக டாக்டர்கிட்ட 22 வருசம் கூட இருந்தவன், பிடிச்சுக்கறது கட்டு போடறது எல்லாம் என் வேலை, அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல அந்த பை. விதைய எடுத்துட்டு மேல் தோல அப்படியே விட்டுடுவாங்க, கடுவனுக்கு பெரும்பாலும் தையலே கிடையாது. முதல் சில நாள் வீங்கி நிக்கும், பாத்தா எடுக்கவே இல்லன்ற மாதிரி இருக்கும், எத்தனையோ பேர் கிளினிக் வாசல்ல வந்து சண்ட போட்டு பாத்துருக்கேன். அப்புறம் சுருங்கிடும். ரெண்டு விரலால மெதுவா தொட்டு பாருங்க, உள்ள கொண்டைக்கடலை மாதிரி கெட்டியா உருண்டை எதுவும் மாட்டலன்னா கவலை இல்ல.

இப்ப ஏறுறது. ஆண் ஹார்மோன் விதையில தான் ஊறுது, அத எடுத்துட்டா ரத்தத்துல ஒண்ணு ரெண்டு நாள்லயே சரசரன்னு எறங்கிடும். ஆனா பழக்கம் ரத்தத்துல இல்லியே, மண்டையில இருக்கு. ஆறு மாசக் குட்டியா பண்ணியிருந்தா அவனுக்கு இந்த வேலையே தெரியாம போயிருக்கும். உங்க ஆளு மூணு வருசம் தெருவுல குடும்பம் நடத்துனவன், பொட்டைய பாத்தா கால் தானா போகும். சிலது ரெண்டு வாரத்துல அடங்கும், சிலது நாலஞ்சு மாசம் ஆகும், அபூர்வமா சிலது வருசக்கணக்குல ஏறிட்டே இருக்கும். ஏறுறது வேற, வேலை நடக்கறது வேற. கடுவனோட குறியில பொடிப்பொடியா முள்ளு இருக்கும், ஹார்மோன் இருந்தா தான் அந்த முள்ளு நிக்கும், ஆபரேஷன் பண்ண ஒண்ணரை மாசத்துல மழுங்கி போயிடும். தெருவுல புடிச்ச கடுவன் ஏற்கனவே பண்ணதா இல்லயான்னு சந்தேகம் வந்தா எங்க டாக்டர் அத தான் பாப்பாரு.

ஆனா ஒண்ணு, இத உங்களுக்கு கிளினிக்ல சொன்னாங்களா தெரியல. விதைய எடுத்தாலும் குழாய்ல மிச்சம் மீதி விந்து இருக்கும். ஒரு மாசம் ஒண்ணரை மாசம் பொட்டைகிட்ட விடக்கூடாது. விட்டீங்களா?

கீழ் வீட்டு பூனை இப்ப கடுவன தேடி கத்துதா? அத சொல்லுங்க முதல்ல.

சும்மா_வந்தேன் | பிப்ரவரி 14, காலை 9:15

வாயில்லா ஜீவன புடிச்சு காயடிச்சுட்டு இப்ப ஏறுறான்னு கம்ப்ளைண்ட் வேற. இயற்கைய அது பாட்டுக்கு விடுங்கப்பா, பாவம் சார் அதுக்கும் ஆசை இருக்காதா.

ஜுவாலஜி_பொண்ணு | பிப்ரவரி 14, காலை 10:02

கம்பவுண்டர் ஐயா சொன்னத அப்படியே சோதனை பண்ணி பாத்துருக்காங்க, எங்க கிளாஸ்ல வந்துச்சு. 1958ல ரோசன்பிளாட், ஆரன்சன்னு ரெண்டு பேர், ஏற்கனவே பொட்டைகூட சேந்து பழகின கடுவன்களுக்கு விதைய எடுத்து பாத்தாங்க, சேரவே சேராத கடுவன்களுக்கும் எடுத்து பாத்தாங்க. பழகினதுல பல பூனை ஆபரேஷனுக்கு அப்புறமும் ரொம்ப நாள் ஏறிட்டே இருந்துச்சு, பழகாதது கிட்டத்தட்ட ஒண்ணுமே பண்ணல. ஒரே ஆபரேஷன் தான், முன்னாடி என்ன அனுபவம் இருந்துச்சோ அதப் பொறுத்து பலன் மாறுது.

1973ல ஹார்ட், பேரட்டுன்னு வேற ரெண்டு பேர், பெருசான பிறகு ஆபரேஷன் பண்ண கடுவன் வச்சிருந்தவங்க கிட்ட விசாரிச்சாங்க. சண்டை, ஊர் சுத்துறது, பீச்சுறது மூணுமே பத்துக்கு எட்டு ஒம்பது பூனைக்கு குறைஞ்சிருக்கு. பீச்சுறது பெரும்பாலும் உடனே நின்னுடுது, சண்டையும் சுத்துறதும் நிறைய பூனைக்கு மெதுவா தான் குறையுது. அதனால உங்க மணி ஒண்ணும் அதிசயம் இல்ல, பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரி தான் நடந்துக்கறான். சின்னதுலயே பண்ணா கூட பெருசான பிறகு கடுவன்ல பத்து சதவீதம், பொட்டையில அஞ்சு சதவீதம் பீச்சும்னு இன்னொரு ஆய்வு இருக்கு, அதனால நூத்துக்கு நூறு கேரண்டின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

காசிமேடு_ஐஸ்பொட்டி | பிப்ரவரி 14, மதியம் 1:30

சும்மா வந்த அண்ணாத்தைக்கு ஒரு வார்த்தை. ஒரு தபா காசிமேட்டாண்ட விடியகாலைல மூணு மணிக்கு வந்து நில்லு, படகு வந்து மீன் எறங்குற டைம். உனுக்கு ஆசை இன்னான்னு காட்டுறேன். ஒரு பொட்டைய சுத்தி அஞ்சு கடுவன் குந்திக்கினு கீறும், ஒண்ணு எறங்க ஒண்ணு ஏறும். அது போடுற சத்தம் இருக்கே, கொயந்த அழுவுற மாதிரி. எறங்கும்போது திரும்பி கடுவன் மூஞ்சிய கிழிக்கும். ஆசையா அது? இத்துனூண்டு எட்டு மாசக் குட்டி வயித்த தள்ளிக்கினு ஐஸ் பொட்டி சந்துல படுத்துக்கினு கீது, நாலு போடும், ரெண்டு வண்டில அடிபடும், ஒண்ண நாய் தூக்கிக்கினு பூடும். நான் பதினோரு வருசமா பாத்துக்கினு கீறேன். இயற்கையாம் இயற்கை. நான் பெரிய ஞானி இல்ல, ஆனா காலைல கடைய தொறந்தா செத்த குட்டிய எடுத்து போடறது நான் தான்.

ஜுவாலஜி_பொண்ணு | பிப்ரவரி 14, மதியம் 2:10

அந்த அலறல் தான் அண்ணே, முள்ளு உரசுறதால வர்றது. பூனைக்கு முட்டை பெரும்பாலும் தானா வெளிய வராது, சேர்ந்தா தான் வரும், அதுவும் ஒரு தடவ பத்தாது, திரும்ப திரும்ப நடந்தா தான் பெரும்பாலும் வரும். சேராம விட்டா ஒரு வாரம் கத்தி ஓய்ஞ்சு, ரெண்டு மூணு வாரத்துல மறுபடி ஆரம்பிக்கும். குளிர் நாட்டுல பகல் சின்னதாற மாசத்துல ஓய்வு இருக்கும், நம்மூர்ல பகலும் ராத்திரியும் வருசம் பூரா பெருசா மாறாது, அதனால சென்னை பூனைக்கு லீவே கிடையாது.

வியாசர்பாடி_நைட்ஷிப்ட் | பிப்ரவரி 14, மாலை 5:48

நடுவுல ஒரு கேள்வி. எங்க வீட்ல பொட்டை, பத்து மாசம், போன வாரம் கத்தி கத்தி நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கவே முடியல, தரையில உருளுது, பின்னாடி தூக்கி காமிக்குது, வாலை ஒதுக்கிட்டு காலை மிதிக்குது, முதல்ல வயித்து வலின்னு நினைச்சு ஓம வாட்டர் கொடுத்தேன் (சிரிக்காதீங்க). பக்கத்து மெடிக்கல்ல ஒருத்தர் பொம்பளைங்க போடுற கர்ப்பத்தடை மாத்திரை கால் பங்கு கொடுங்க நின்னுடும்ங்குறார். கொடுக்கலாமா? இன்னொரு பக்கம் மாமியார் ஒரு தடவ குட்டி போட்ட பிறகு தான் ஆபரேஷன் பண்ணணும் இல்லன்னா பாவம்ங்குறாங்க.

பழைய_கம்பவுண்டர் | பிப்ரவரி 14, மாலை 7:00

வேண்டவே வேண்டாம்ப்பா அந்த மாத்திரை. கத்துறது நிக்கும், ஆனா கர்ப்பப்பையில சீழ் புடிச்சு, மார்ல கட்டி வந்து, சக்கரை வந்து தூக்கிட்டு வந்தவங்க எத்தன பேரு தெரியுமா. சீழ் புடிச்சா அப்ப பண்ற ஆபரேஷன் இத விட பெருசு, செலவும் பெருசு, பொழைக்குமான்றது வேற.

ஒரு தடவ குட்டி போடணும்ன்றது நம்ம மனசுக்கு தான், பூனைக்கு அதனால ஒரு நன்மையும் இல்ல. ஆறு மாசத்துக்கு முன்னாடியே பண்ணா மார்புக் கட்டி வர்ற வாய்ப்பு ரொம்ப குறைஞ்சிடும். உங்களுது பத்து மாசம், இப்பவும் லேட் ஆயிடல. கத்துற வாரத்துல ரத்த ஓட்டம் ஜாஸ்தியா இருக்கும்னு சில டாக்டருங்க ஓயட்டும்பாங்க, கேட்டுட்டு நாள் குறிங்க. உங்களுக்கு வேப்பேரி மாட்டாஸ்பத்திரி கிட்ட தானே, 1903லேர்ந்து இருக்கற காலேஜ், காலைலயே போய் சீட்டு வாங்கிடுங்க. பொட்டைக்கு இது முழுக்க சினைப்பை ஹார்மோனோட வேலை, அதையே எடுத்துடறதால கடுவன் மாதிரி பழக்க தோஷம்லாம் இழுக்காது, கத்துறது உருளுறது சுத்தமா போயிடும். பண்ண சமயத்துல ஹீட்ல, அதான் அந்த கத்துற நாள்ல, இருந்துச்சுன்னா மட்டும் சில நாள் வாசனைக்கு கடுவன் பின்னாடி வரும், உள்ளயே வைங்க.

ஓம வாட்டருக்கு சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க.

ஒத்தியூர்_டீச்சர் | பிப்ரவரி 14, ராத்திரி 8:33

சுத்தமா போயிடும்ங்கறீங்க, எங்க பூனைக்கு போகலயே ஐயா. திருவொற்றியூர்ல இருந்து எழுதுறேன். ஆபரேஷன் பண்ணி அஞ்சு மாசம் ஆச்சு, தையல் தழும்பு கூட இருக்கு, ஆனா போன மாசமும் இந்த மாசமும் அதே கத்தல் அதே உருளல், மாடிச் சுவத்துல ரெண்டு கடுவன் காவல் நிக்குது. ஆபரேஷனே பண்ணாம வயித்த கிழிச்சு தச்சு ஏமாத்திட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர் குதிக்கிறார்.

பழைய_கம்பவுண்டர் | பிப்ரவரி 14, ராத்திரி 9:10

ஏமாத்தினதா இருக்காதும்மா. சினைப்பை துணுக்கு ஒண்ணு உள்ள தங்கியிருக்கும், அது அரிசி அளவு இருந்தாலே போதும், ஹார்மோன் சுரந்து கத்த வைக்கும். கர்ப்பப்பைய எடுத்திருந்தா குட்டி வராது, ஆனா ஹீட் வரும், கடுவனும் வருவான். கண்டுபிடிக்க ஒரு சூட்சுமம், கத்திட்டு இருக்கும்போதே கூட்டிட்டு போங்க, ஓய்ஞ்ச பிறகு போனா ஒண்ணும் தெரியாது. கத்துறத போன்ல வீடியோ எடுத்துக்கங்க. டாக்டர் டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிட்டு மறுபடி தொறந்து எடுப்பாரு. கடுவன்லயும் இது மாதிரி உண்டு, ஒரு விதை கீழ எறங்காம வயித்துலயே தங்கிடும், வெளிய இருக்கறத மட்டும் எடுத்துட்டா உள்ள இருக்கறது வேலைய காட்டிட்டே இருக்கும், மூத்திர நாத்தமும் போகாது. கல்மண்டபம் தம்பி, உங்க மணிக்கு ரெண்டும் எடுத்தாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, அதுல தப்பில்ல.

கல்மண்டபம்_மாடி | பிப்ரவரி 15, காலை 7:50

கேட்டுட்டேன் ஐயா, ரெண்டும் எடுத்தாச்சாம், சீட்டுலயே எழுதியிருக்கு, நான் தான் படிக்கல. உருண்டை எதுவும் மாட்டல.

நீங்க கேட்ட கேள்விக்கு நேத்து பதில் சொல்லாம நழுவிட்டேன், ஏன்னா அம்மாகிட்ட விசாரிச்சதுல ஒரு விஷயம் வெளிய வந்துச்சு. கீழ் வீட்டு பூனை ஜனவரி கடைசி வாரம் பயங்கரமா கத்துச்சு, அப்புறம் டக்குன்னு நிறுத்திடுச்சு, இப்ப ரெண்டு வாரத்துக்கு மேல சத்தமே இல்ல. ஜனவரி 26 எனக்கு லீவு, நான் தூங்கிட்டேன், அம்மா துணி காயப் போட மாடி கதவ தொறந்து வச்சிருக்காங்க, இவன் கழுத்துல மாட்டுன பிளாஸ்டிக் கோனோட எகிறி குதிச்சு ஓடிட்டான், சாயங்காலம் தான் வந்தான், கோன் இல்லாம. கோன் கீழ் வீட்டு தண்ணி டேங்க் பின்னாடி கெடந்துச்சு. ஆபரேஷன் ஆகி ஆறாவது நாள்.

பழைய_கம்பவுண்டர் | பிப்ரவரி 15, காலை 8:05

போச்சு. கீழ் வீட்டு பூனையோட காம்பு பாருங்க, ரோஸ் கலர்ல எடுப்பா தெரியுதான்னு. சினையா இருந்தா சேர்ந்து மூணு வாரம் ஆனா தெரியும்.

காசிமேடு_ஐஸ்பொட்டி | பிப்ரவரி 15, காலை 8:11

கோனு போட்டுக்கினே போயிருக்கான் பாரு, கெத்து!

கல்மண்டபம்_மாடி | பிப்ரவரி 15, ராத்திரி 9:30

ரோஸ் தான்.

ஜுவாலஜி_பொண்ணு | பிப்ரவரி 15, ராத்திரி 10:15

உடனே மணி மேல பழி போடாதீங்க. ஹீட்ல இருக்கற பொட்டை ஒரே கடுவனோட நிக்காது, ஒரே ஈத்துல ரெண்டு மூணு அப்பா இருக்கறது பூனையில சாதாரணம். உங்க தெருவுல ஆபரேஷன் பண்ணாத கடுவன் வேற இருக்கா?

கல்மண்டபம்_மாடி | பிப்ரவரி 15, ராத்திரி 10:40

கறிக்கடை கருப்பன் இருக்கான். தலை தேங்கா சைஸ். மணி காத கிழிச்சது அவன் தான்.

காசிமேடு_ஐஸ்பொட்டி | பிப்ரவரி 16, மதியம் 12:20

இதான் நான் ரெம்ப நாளா சொல்லிக்கினு கீறேன். எங்காண்ட மொதல்ல கடுவன மட்டும் புடிச்சு புடிச்சு பண்ணோம், ஏன்னா ஈசி, செலவு கம்மி, ஒரே நாள்ல வுட்டுடலாம். ஆறு கடுவன் பண்ணோம், சண்டை குறைஞ்சுது, நாத்தம் குறைஞ்சுது, குட்டி மட்டும் குறையல. ஏழாவது ஒருத்தன் வந்தான் எண்ணூர் பக்கத்துலேர்ந்தோ எங்கேர்ந்தோ, அவன் ஒருத்தனே எல்லாத்தியும் முடிச்சுட்டான். அப்பால தான் பொட்டைய புடிக்க ஆரம்பிச்சோம், ஒரு பொட்டை பண்ணா ஒரு பொட்டையோட குட்டி கண்டிப்பா நிக்குது. புடிக்கறது தான் பேஜாரு. நெத்திலி கருவாடு வச்சா கூட உசாரா நிக்குது, வெந்த மத்தி வச்சா வருது. பண்ணதுக்கு இடது காது நுனி வெட்டி அடையாளம் வப்பாங்க, இல்லன்னா ஒரே பூனைய ரெண்டு தபா தூக்கினு போய் நிப்போம்.

பழைய_கம்பவுண்டர் | பிப்ரவரி 16, மதியம் 3:00

சரியா சொன்னீங்க. இதுல ஒரு வேடிக்கை கேளுங்க, விதைய எடுக்காம குழாய மட்டும் வெட்டி விட்டா, நம்ம ஆம்பளைங்களுக்கு பண்ற மாதிரி, அந்தக் கடுவன் அதே கெத்தோட சுத்துவான், சண்ட போடுவான், பொட்டையோடயும் சேருவான், குட்டி மட்டும் நிக்காது. பொட்டை ஏதோ ஆயிடுச்சுன்னு நம்பி ஒண்ணேகால் மாசம் ஒண்ணரை மாசம் கத்தாம இருக்கும். ஆனா பீச்சுறது, சீழ் கட்டி எதுவும் போகாது, அதனால வீட்டுக்காரங்க யாரும் கேக்க மாட்டாங்க.

அப்புறம் தம்பி, மணிக்கு இனிமே பசி ஏறும், உடம்புல சத்து செலவாறது இறங்கும், சாப்பாட்ட கால் பங்கு குறைங்க, இல்லன்னா ஆறு மாசத்துல பூசணிக்கா ஆயிடுவான். இன்னொரு முக்கியமான விஷயம், என்னிக்காவது மூத்திரம் போக உக்காந்து உக்காந்து எந்திரிச்சு சொட்டு கூட வரலன்னா பழக்க தோஷம்னு விட்டுடாதீங்க, கடுவனுக்கு குழாய் அடைச்சுக்கும், அன்னிக்கே தூக்கிட்டு ஓடணும்.

சும்மா_வந்தேன் | பிப்ரவரி 16, மாலை 6:45

ஐஸ்பொட்டி அண்ணே, அந்த செத்த குட்டி மேட்டர் படிச்சதுல இருந்து ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க தெருவுல ஒரு பொட்டை இருக்கு. வெந்த மத்தின்னா தலையோடவா?

காசிமேடு_ஐஸ்பொட்டி | பிப்ரவரி 16, மாலை 7:02

தலையோட. உப்பு வோணாம்.

கல்மண்டபம்_மாடி | ஏப்ரல் 14, மாலை 4:30

புத்தாண்டு வாழ்த்துக்கள் எல்லாருக்கும். ரெண்டு மாசம் காணோம்னு ரெண்டு பேர் தனியா கேட்டிருந்தீங்க, கீழ் வீட்டோட பேச்சு வார்த்தை இல்லாம போய் ஒரே ரோதனை. மார்ச் 31 காலைல கீழ் வீட்டு அரிசி டப்பா பக்கத்துல நாலு குட்டி. ஜனவரி 26ஆம் தேதியில இருந்து எண்ணினேன், கரெக்டா 64 நாள். அக்கா "உன் பூனை தான், ஆஸ்பத்திரி செலவுல பாதி கொடு"ன்றாங்க, அம்மா "எங்க பூனைக்கு தான் ஒண்ணுமே இல்லியே"ன்றாங்க. கலர் சொல்றேன், ஜுவாலஜி தங்கச்சி தீர்ப்பு சொல்லட்டும்: ரெண்டு ஆம்பளை, ஒண்ணு சாம்பல் வரி ஒண்ணு முழுக் கருப்பு. ரெண்டு பொட்டை, ஒண்ணு அம்மா மாதிரியே சாம்பல் வரி, ஒண்ணு கருப்பும் செவலையும் திட்டு திட்டா, பிரியாணி அண்டா அடியில ஒட்டின மாதிரி.

ஜுவாலஜி_பொண்ணு | ஏப்ரல் 14, மாலை 5:05

ஆம்பளக் குட்டிய விட்டுடுங்க, அதுங்களுக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாகிட்ட இருந்து மட்டும் தான் வரும், செவலை நிறம் அதுல தான் உக்காந்திருக்கு, அதனால அப்பா செவலையா இல்லயான்னு அதுங்கள வச்சு சொல்லவே முடியாது. பொண்ணுங்கள பாருங்க. பொண்ணுக்கு ஒரு எக்ஸ் அம்மாது, ஒண்ணு அப்பாது. அம்மாகிட்ட செவலை இல்ல. அப்ப செவலை அப்பனுக்கு பொறந்த எல்லா பொண்ணுக்கும் செவலை கலந்தே ஆகணும். சாம்பல் வரி பொண்ணு மணிக்கு பொறக்கல. திட்டு திட்டா இருக்கறது கருப்பனுக்கு பொறக்கல.

தெருவுல வேற செவலைக் கடுவன் இருந்தா இப்பவே சொல்லிடுங்க.

கல்மண்டபம்_மாடி | ஏப்ரல் 14, மாலை 5:20

ஒரு வாரமா தேடுறேன். இல்ல.

பழைய_கம்பவுண்டர் | ஏப்ரல் 14, மாலை 6:40

22 வருசத்துல மிச்ச விந்துல குட்டின்னு சந்தேகப்பட்டது ரெண்டு மூணு தடவ, கலர் வச்சு இப்படி மாட்டுனது இது தான் முதல். இப்ப ஏறுறானா?

கல்மண்டபம்_மாடி | ஏப்ரல் 14, மாலை 7:15

தலகாணிய மட்டும் வாரத்துக்கு ஒரு தடவ, அதுவும் சோறு லேட்டானா. பொட்டை பக்கம் போறதே இல்ல. பீச்சுறது நின்னு ஒரு மாசம் ஆச்சு, வண்டி சீட்டு மாத்திட்டேன். போன வாரம் கருப்பன் எங்க மாடி சுவத்துக்கே வந்து நின்னான், இவன் ஒரு கண்ண தொறந்து பாத்துட்டு திரும்ப தூங்கிட்டான், எனக்கே கொஞ்சம் வருத்தமா போச்சு. கன்னம் மட்டும் பழைய ரவுடி கன்னம் அப்படியே இருக்கு.

அக்காகிட்ட பேசியாச்சு, பாதி நான் தர்றேன், அதுல அவங்க பூனை ஆபரேஷனும் சேத்தி. குட்டிங்க பால் மறந்ததும் கூட்டிட்டு போறோம்.

பழைய_கம்பவுண்டர் | ஏப்ரல் 14, ராத்திரி 8:00

நாள் தள்ளாதீங்க, சில பூனை பால் கொடுக்கும்போதே மறுபடி கத்த ஆரம்பிச்சுடும். அது வரைக்கும் வெளிய விடாதீங்க. கருப்பனையும் அப்படியே ஒரு கை பாத்துடுங்க.

காசிமேடு_ஐஸ்பொட்டி | ஏப்ரல் 14, ராத்திரி 8:20

கருப்பன புடிக்க என் கூண்ட எத்துக்கினு போ, ஞாயித்துக்கெழமை மட்டும் வராத, யாவாரம் இருக்கும். அந்த திட்டு திட்டு குட்டிக்கு இன்னா பேரு வச்சீங்கோ?

கல்மண்டபம்_மாடி | ஏப்ரல் 14, ராத்திரி 8:26

அக்கா தான் வச்சாங்க. குடியரசு.